பனிக்குக் கழித்த ஒரு கிலோ

பேத்துப்பாறையில் இருந்து வண்டி கிளம்பியபோது மணி ஆறு. பனியில் சாலை தெரியவில்லை. தனசேகர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, நடுக்கோட்டைப் பார்த்தே ஓட்டினான். பக்கத்தில் அவன் தங்கை சத்தியபிரியா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை. வாயில் எச்சில் ஊறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊறவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கோயம்புத்தூரில் ஓர் ஓட்டலில் அவள் தராசில் ஏற வேண்டும். ஐம்பத்திரண்டு கிலோ நூற்று அறுபது கிராம். அதற்கு மேல் ஒரு கிராம் கூடாது. மறுநாள் கம்பிவலைக் கூண்டுக்குள் ஐந்து சுற்றுச் சண்டை. குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளிக் கழுத்தை நெரிக்கலாம். ஜெயித்தால் சாம்பியன் பட்டை.

போன வருடம் ஒரு முறை எடையில் தவறியிருந்தாள். இன்னொரு முறை தவறினால் ஒப்பந்தம் முடிந்தது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மூன்று வாரம் முன்பு சென்னையிலிருந்து மூச்சுக்காக ஊருக்கு வந்தாள். உயரத்தில் ஓடிப் பழகினால் கீழே மூச்சிரைக்காது என்பது பயிற்சியாளர் பிரசாந்தின் நம்பிக்கை. விடியற்காலையில் பனிக்குள் ஓடினாள். கையை நீட்டினால் விரல் வரை தெரியும். அதற்கு அப்பால் வெள்ளை. அவளுக்கு அது பிடித்திருந்தது. கூண்டுக்குள்ளும் அப்படித்தான். கையெட்டும் தூரத்தில் ஒரு முகம். மற்றதெல்லாம் இல்லை.

கொண்டுவந்த எடைப்பலகைக்குள் முதல் வாரமே ஈரம் இறங்கிவிட்டது. எண்கள் துடித்தன, பிறகு அணைந்தன. அதன் பிறகு தினமும் வெள்ளனே திருமலைச்சாமியின் கமிஷன் கடைக்குப் போய், பீன்ஸ் மூட்டைகள் வருவதற்கு முன் அங்கிருந்த பெரிய தராசில் ஏறினாள். எண் காட்டும் பெட்டி உள்ளே மேசைமேல், கடைக்காரர் பக்கம் திரும்பியிருக்கும். தராசில் ஏறி நின்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"இன்னிக்கு எம்புட்டுக் காமிச்சது?" என்றான் தனசேகர்.

"அம்பத்திரண்டு நூறு."

"அப்ப பெருமாள்மலையில ஒரு டீ அடிக்கலாம்."

"அறுபது கிராம்தாண்ணே கையில இருக்கு. டீ நூறு கிராம்."

"முக்கா டீ."

அவள் உதட்டைப் பிரிக்காமல் சிரித்தாள். பிரித்தால் வெடிக்கும். வண்டி ஒரு வளைவில் திரும்பியது. எதிரே வந்த பேருந்தின் மஞ்சள் விளக்குகள் தண்ணீருக்குள் இருப்பவைபோல் மெதுவாகக் கடந்தன.

"சாக்கை மேல வச்சுக்கிட்டா ஏறுன?" என்றான் தனசேகர்.

"எந்தச் சாக்கு?"

அவன் தலையை உள்ளே இழுத்தான். வண்டி ஓரம் கட்டி நின்றது.

"பிரியா. அந்தத் தராசு ஒரு கிலோ கழிச்சுத்தான் காட்டும்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

மலையில் பறிக்கிற காய் நனைந்தே வரும். சாக்கும் நனைந்திருக்கும். மூட்டைக்கு ஒரு கிலோவைச் சாக்குக்கும் பனிக்கும் என்று கழிப்பது திருமலைச்சாமியின் அப்பா காலத்து வழக்கம். முன்பெல்லாம் வாயால் சொல்லிக் கழித்தார்கள். புதுத் தராசு வந்த பிறகு, சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை என்று, கழிவைத் தராசுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். யாரும் கேட்டதில்லை. பேத்துப்பாறைக்குப் பனி என்றால் ஒரு கிலோ.

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான். "நாந்தானே அங்க மூட்டை நிறுக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"தெரியும்ணே."

தெரியும்தான். பதினேழு வயதுவரை அம்மா லெட்சுமியோடு அந்தக் கடைக்கு மூட்டை தூக்கியிருக்கிறாள். தான் சிறுவயதில் இருந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மழை நாளில் கொழுந்துக்கு இப்படித்தான் கழித்தார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். பத்து வருடம் வெளியே இருந்ததில் மறந்துபோயிற்று.

"அப்ப அம்பத்திமூணு நூறு" என்றாள்.

அப்போது அவளுக்குள் ஒன்று நடந்தது. பயம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது நிம்மதி. காய்ச்சல் நாளில் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று யாரோ சொன்னதுபோல உடம்பெல்லாம் தளர்ந்தது.

தனசேகர் அவள் முகத்தைப் பார்த்தான். "ஃபோன் போட்டுச் சொல்லிருவோம். தராசு கோளாறுன்னு. இதுல ஒங்குத்தம் என்ன கெடக்கு? யாரு கேட்டாலும் ஒத்துக்குவாங்க."

"ஒத்துக்குவாங்க" என்றாள்.

"வீட்டுக்குத் திருப்பவா?"

வெள்ளைக்குள் எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நிம்மதி அவளுக்கு முன்பே பழக்கம். எங்கே என்று யோசித்தாள்.

இரண்டு வருடம் முன்பு, இதே ஸ்ரீஜாவோடு. நாளை மோதப் போகிற அதே பாலக்காட்டுக்காரி. இரண்டாவது சுற்றில் ஸ்ரீஜாவின் கை பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றியது. அந்த நேரம் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு தட்டுத் தட்டினால் நடுவர் விலக்கிவிடுவார். தோல்விதான், ஆனால் மூச்சு கிடைக்கும். பிரியா தட்டவில்லை. மயங்கினாள். விளக்குகள் பஞ்சாக மாறின. பேத்துப்பாறை வந்தது. பனி, ஈர மண்ணின் வாசனை, முதுகில் இதமான ஒரு பாரம். யாரோ போர்வையை இழுத்து மூடிவிட்டதுபோல இருந்தது. ஏழெட்டு நொடி. கண்விழித்தபோது அழுதாள். தோற்றதற்கு அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். எழுப்பியதற்கு அழுதாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பெயர் வந்தது. தட்டாதவள். மயங்கினாலும் விட்டுக்கொடுக்காதவள். தனசேகர் தன் வண்டிக்குப் பின்னால் சிவப்பில் எழுதி வைத்தான்: தட்டாத தங்கை. போன மாதம் வீடியோ எடுக்க வந்தவர்கள் அம்மாவைக் கூடையோடு நிற்க வைத்து, ஏன் சண்டைக்கு வந்தீர்கள் என்று இவளிடம் கேட்டார்கள். வறுமை என்று சொல்ல வேண்டும் என்பது கேள்வியிலேயே இருந்தது. சொன்னாள்.

உண்மையில் பசிக்காக வரவில்லை. திண்டுக்கல்லில் கல்லூரியில் படித்தபோது விளையாட்டாகக் கையுறை மாட்டினாள். ஒரு பெண் மூக்கில் குத்தினாள். கண்ணில் நீர் வந்தது. நீர் வடிந்த பிறகு பார்த்தால் எல்லாம் துலக்கமாக இருந்தது. சுவரில் ஆணி, எதிரே நின்றவளின் கழுத்தில் வியர்வை, தன் மூச்சு. அதுவரை அரைத் தூக்கத்தில் வளர்ந்ததாக அவளுக்குத் தோன்றியது. மூட்டையோடு, பேருந்தோடு, பரீட்சையோடு. அந்த விழிப்புக்காகத்தான் திரும்பத் திரும்பப் போனாள்.

அதே இடத்தில் அந்தத் தூக்கமும் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"ஏ புள்ள. திருப்பவா?"

"பழனிக்கு விடுண்ணே. வெரசா."

"அங்க என்ன?"

"வெயில்."

பிரசாந்திடம் ஃபோனில் சொன்னாள். "பனிக்கு எடை போடறாங்களா உங்க ஊர்ல?" என்றார். மூச்சை இழுத்துவிட்டு, "சரி. தலை சுத்தினா உட்காரு. கண்ணு இருட்டுனா நிறுத்திரு. தண்ணி மட்டும் குடிச்சிராத" என்றார்.

கீழே இறங்க இறங்கப் பனி கந்தலாகி, ஒரு வளைவுக்குப் பிறகு இல்லாமல் போயிற்று. வெயில் வண்டிக்குள் வந்து மடியில் உட்கார்ந்தது.

பழனியில் அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடையில் சர்க்கரை நிறுக்கும் தராசு இருந்தது. கடைக்காரர் முதலில் முறைத்தார். தனசேகர் விவரம் சொன்னதும் தட்டைத் துணியால் துடைத்துவிட்டார். "ஏறும்மா. இது சாமிக்கு நிறுக்கற தராசு. எதையும் கழிக்காது."

ஐம்பத்திமூன்று.

"தொள்ளாயிரம் கிராம் போகணும்" என்றாள். "கொஞ்சம் கம்மி."

"ஒரு டப்பா பஞ்சாமிர்தம்" என்றார் கடைக்காரர்.

வியர்வை வரவழைக்கும் பிளாஸ்டிக் உடையைப் போட்டு, மேலே தனசேகரின் முழுக்கைச் சட்டையை மாட்டினாள். செருப்பைக் கழற்றினாள். படியில் கால் வைத்தாள்.

முதல் நூறு படி வரை எண்ணினாள். பிறகு எண்கள் நழுவின. கல் சுட்டது. மொட்டைத் தலைகள் மேலும் கீழும் மிதந்தன, சந்தனம் பூசிய உருண்டைகளாக. அவளுக்கு வியர்க்கவில்லை. உடம்பு தன்னிடம் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. முந்நூறாவது படியிலோ நானூறாவதிலோ பிடியை விட்டது. முழங்கைக்குள் ஒரு சொட்டு. பிறகு முதுகில் ஒரு கோடு. அவள் நன்றி சொன்னாள், யாருக்கென்று இல்லாமல்.

மஞ்சள் புடவை கட்டிய ஒரு கூட்டம் வழியில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பிரியாவின் கையில் டம்ளரைத் திணித்தாள். குளிர்ச்சி உள்ளங்கை வழியாக மண்டைவரை ஏறியது. கருவேப்பிலையின் மணம். அவளுக்குக் கண் இருட்டியது.

"குடிம்மா. என்ன பாத்துக்கிட்டே நிக்கிற?"

"வேணாங்க."

"சாமி மோரை வேணாங்கக் கூடாது. விரதமா?"

"ஆமாங்க. நாலு மணிவரைக்கும்."

"அதென்ன விரதம், ஆபீஸ் கணக்கா நாலு மணிவரைக்கும்?"

கூட்டம் சிரித்தது. பின்னால் இரைத்துக்கொண்டு வந்த தனசேகர் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்து, இன்னொன்றுக்குக் கையை நீட்டினான். பிரியா அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக் குடிண்ணே" என்றாள்.

உச்சியில் தரிசன வரிசை நீண்டிருந்தது. சாமியைப் பார்க்க நேரமில்லை. தெற்கே கோடை மலை நின்றது. அதன் தோளில் மேகம் படிந்திருந்தது. அதற்குள்ளிருந்துதான் காலையில் வந்தாள் என்பதை நம்ப முடியவில்லை. இறங்கினாள். கீழே தொட்டுவிட்டு மறுபடியும் ஏறினாள்.

இரண்டாவது முறை இறங்கும்போது அது வந்தது. ஒரு மண்டபத்து நிழலில் கல் குளிர்ந்து கிடந்தது. ஒரு நொடி உட்காரலாம் என்று நினைத்தாள். உட்கார்ந்தாள். சாய்ந்தாள். மேளச் சத்தம் தூரம் போயிற்று. வெயில் பஞ்சாக மாறியது. ஈர மண் வாசனை வந்தது, பழனியில், பங்குனி மாதத்தில். முதுகில் அந்த இதமான பாரம். யாரோ போர்வையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை சுகம் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் அவளை உலுக்கியது. கழுத்தைச் சுற்றி எந்தக் கையும் இல்லை. ஸ்ரீஜா இல்லை. இது தன்னுடையது. எங்கே போனாலும் கூட வரும். ஒரு தராசு தப்பாகப் போனால் போதும், நிழல் இருந்தால் போதும், வந்து பக்கத்தில் உட்காரும்.

கையை எடுத்துக் கல்லில் தட்டினாள். ஒன்று. இரண்டு.

சத்தம் திரும்பி வந்தது. மேளம், குழந்தை அழுகை, தேங்காய் உடைபடும் ஒலி. தனசேகர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"போதும் பிரியா. செத்துக்கித்துப் போயிராத. அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

"அண்ணே. அன்னிக்கு நான் தட்டாம இருந்தது ரோசத்துல இல்ல."

"எது?"

"ரெண்டு வருசம் முன்னாடி. கழுத்தை நெரிச்சப்ப. எனக்குச் சுகமா இருந்துச்சு. தூக்கம் வந்துச்சு. தட்டணும்னே தோணல."

ஒரு சிறுமி மயிலிறகை ஆட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி ஓடினாள்.

"இந்தத் தடவை மாட்டுனா தட்டுவேன். தோத்தாலும் முழிச்சிருந்து தோக்கணும்."

தனசேகர் தாடையைச் சொறிந்தான். "அப்ப வண்டிக்குப் பின்னாடி எழுதுனதை அழிக்கணுமா?"

"'தட்டாத'வை மட்டும் அழி."

"வெறும் 'தங்கை'ன்னா ஓடிப்போனவளைத் தேடுறேன்னு நெனப்பான் பாக்குறவன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதடு வெடித்தது. அவன் கையைப் பிடித்து எழுந்தாள்.

சர்க்கரைத் தராசில் ஐம்பத்திரண்டு ஐந்நூறு. மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. கோயம்புத்தூர் மூன்று மணி நேரம். உடம்பில் இனிப் பிழிவதற்கு அதிகம் இல்லை. பிரியா தன் பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தாள். இடுப்புவரை இருந்தது. வியர்வையில் நனைந்து கயிறுபோல் கனத்தது. அம்மா வாரம் தவறாமல் எண்ணெய் வைத்து வளர்த்த முடி.

தனசேகர் அவள் பார்ப்பதைப் பார்த்தான். "அம்மா என்னையத்தான் கொல்லும்" என்றான்.

முடி இறக்கும் கூடத்தில் வரிசை குறைவு. வயதான நாவிதர் சொம்பைத் தூக்கியதும் பிரியா தலையை நகர்த்தினாள்.

"தண்ணி வேணாங்க. எடை ஏறும்."

"என்னது?"

"தலை தண்ணியைக் குடிச்சிரும்."

அவர் தனசேகரைப் பார்த்தார். தனசேகர் வானத்தைப் பார்த்தான்.

"தண்ணி தொடாம செரைச்சா தோல் கிழியும்மா. ரத்தம் வரும். பரவால்லையா?"

யோசித்தாள். காயம் இருந்தால் சண்டைக்கு முன் பார்க்கும் டாக்டர் நிறுத்திவிடுவார். ரத்தமும் எடைதான், ஆனால் அந்த வழியாகப் போகக் கூடாது.

"அப்பத் தொடுங்க. கொஞ்சமா."

"நாப்பது வருசமா இந்த வேலை பாக்குறேன். தண்ணிக்குப் பேரம் பேசுன தலை இதுதான்."

கத்தி நெற்றியிலிருந்து பின்னோக்கிப் போனது. அந்த ஓசை தலைக்குள்ளே கேட்டது, மழை ஓட்டில் நடப்பதுபோல. பின்னல் மடியில் விழுந்து, தரையில் விழுந்தது. காற்று முதல்முறையாக அவள் தலையைத் தொட்டது. கண்ணை மூடவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு பல்லி நின்றது. அதன் வயிறு துடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கும்வரை ஓர் எண்ணும் நழுவவில்லை.

இருநூறு கிராம் போயிற்று என்று தராசு சொன்னது.

மீதி வண்டிக்குள் போனது. சன்னலை மூடி, ஹீட்டரைப் போட்டு, சித்திரை பிறக்கப் பத்து நாள் இருக்கும் மதியத்தில், தனசேகர் பனியனோடு ஓட்டினான். உடுமலை தாண்டும்போது, "இந்த வண்டியை வாங்கினப்பொறம் ஹீட்டரை இன்னிக்குத்தான் போடுறேன்" என்றான். பொள்ளாச்சியில், "எனக்கே ரெண்டு கிலோ போயிருக்கும்" என்றான். அவள் சூயிங்கத்தை மென்று, கிடைத்த எச்சிலை ஒரு பாட்டிலில் துப்பினாள். தூக்கம் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் டாஷ்போர்டில் தட்டினாள். அவன் ஒவ்வொரு முறையும், "சரி, சரி" என்றான்.

ஓட்டலில் குளிர்ந்த மண்டபம். கேமராக்கள். பிரசாந்த் அவளைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். அவள் பெயரைச் சொன்னார்கள். ஏறினாள்.

"ஐம்பத்திரண்டு இருநூறு."

மண்டபம் ஒரு மூச்சு விட்டது. நாற்பது கிராம். தனசேகர் முகத்தைப் பொத்திக்கொண்டான். பிரசாந்தும் இன்னொருவரும் பெரிய துண்டை விரித்து அவளைச் சுற்றிப் பிடித்தார்கள். துண்டுக்குள் அவள் மேலாடையையும் கால்சட்டையையும் கழற்றிக் கீழே போட்டாள். இரு கைகளையும் தூக்கி நின்றாள். நிம்மதி வருகிறதா என்று தனக்குள் பார்த்தாள். இல்லை. பயம் இருந்தது. கெட்டியான, நல்ல பயம். நாளைக்கு உதை விழும். முழங்கை விழும். எல்லாம் தெரியும்.

அதிகாரி குனிந்தார். நேரமெடுத்துப் படித்தார்.

"ஐம்பத்திரண்டு நூற்று நாற்பது."

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பிரசாந்த் நீட்டினார். மிடறு மிடறாகக் குடித்தாள். தொண்டையில் அது இறங்கும் வழி முழுவதும் தெரிந்தது.

பிறகு இருவரையும் மேடையில் எதிரெதிரே நிறுத்தினார்கள். முஷ்டியை உயர்த்தி, கண்ணோடு கண் பார்த்து, படத்துக்கு நிற்க வேண்டும். ஸ்ரீஜாவின் கன்னமும் ஒட்டிப்போயிருந்தது. அவள் கண் பிரியாவின் தலைக்குப் போய், திரும்பி வந்தது.

"பழனியோ?" என்றாள், உதடு அசையாமல்.

"ஆமா."

"நாளைக்கு ஜெயிச்சா எனக்கும் அங்க மொட்டை. எங்க அம்மை நேர்ந்திருக்கு."

கேமராக்கள் மின்னின.

"அப்ப ஒங்க முடிக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் பிரியா.

ஸ்ரீஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் கீழுதட்டில் ஒரு கோடு திறந்து, சிவப்பாக ஒரு முத்து எழுந்தது. இருவரும் முஷ்டியைத் தாழ்த்தவில்லை.